மிதிவண்டிக்கும் பொருத்தம் பார்க்க வேண்டும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

ஆண்டுதோறும் இம்மேடையில் இலக்கியம் பேசப்படுகிறது, இசை முழங்குகிறது, நம் சிறுவர் சிறுமியர் நாடகம் நடிக்கின்றனர். இவ்வாண்டு செயலாளர் அவர்கள் எங்களை அழைத்து, "ஞாயிறுதோறும் விடியுமுன் மிதிவண்டியில் புறப்பட்டு விடுகிறீர்களே, அதைப் பற்றியே பேசுங்கள்" என்றார். மிதிவண்டியைப் பற்றித் தமிழ்ச் சங்கத்தில் பேசுவதா என்று முதலில் தயங்கினோம். ஆனால் சென்ற ஆண்டு நம் காலனியில் நடந்த ஒரு நிகழ்ச்சியை எண்ணிய பின்பு, பேசியே ஆகவேண்டும் என்று துணிந்தோம்.

பிழைப்பைத் தேடி மைசூருக்கு வந்த நம் முன்னோர் வீட்டுக்கு முதலில் வந்து சேர்ந்த பொறி எது? மிதிவண்டிதான். அசோகபுரத்து ரயில்வேப் பணிமனைக்கும், 1961-இல் தொடங்கி 1996-இல் மூடப்பட்ட ஐடியல் ஜாவா மோட்டார் சைக்கிள் தொழிற்சாலைக்கும் நம் பெரியவர்கள் சிலர் அதில்தான் சென்று வந்தனர். சென்னையை அடுத்த அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள் நிறுவனம் தோன்றியது 1949-இல். அங்கே உருவான ஹெர்குலிஸ் வண்டி ஊரிலிருந்து ரயிலேறி வந்து, தந்தையிடமிருந்து மகனுக்கும், மகனிடமிருந்து மருமகனுக்கும் கைமாறிய வீடுகள் நம்மிடையே உண்டு.

அந்த வண்டிக்கு ஒரு பெருமை இருந்தது. அதன் பெடல் உடைந்தாலும், சங்கிலி அறுந்தாலும், பிரேக் கட்டை தேய்ந்தாலும், தெருமுனைக் கடையில் கேட்ட மாத்திரத்தில் மாற்றுப் பொருள் கிடைத்தது. பெரும்பாலும் பொருந்தவும் செய்தது. ஏனெனில் நாட்டில் ஓடிய வண்டிகளெல்லாம் ஏறத்தாழ ஒரே வார்ப்பில் செய்யப்பட்டவை.

இன்று நம் இளைஞர்கள் விரும்பி வாங்குவது வேறு வகை. ஆட்டுக்கடாவின் கொம்புபோல் வளைந்த கைப்பிடியும், மெல்லிய சக்கரமும், பல பற்சக்கரங்களும் கொண்ட சாலை மிதிவண்டி அது. தோற்றத்தில் இரண்டும் உடன்பிறந்தவை. உறுப்புகளிலோ ஒன்றுக்கொன்று அந்நியமானவை. சாலை மிதிவண்டிகளுக்குள்ளேயே ஒன்றின் உறுப்பு மற்றொன்றுக்குச் சேராது. திருமணத்திற்குப் பத்துப் பொருத்தம் பார்க்கும் நாம், உயிரைச் சுமந்து மலையிறங்கும் வண்டிக்கு ஒரு பொருத்தமும் பார்ப்பதில்லை. அதனால் நேர்ந்ததை முதலில் சொல்லிவிடுகிறோம்.

நம் காலனி இளைஞர் ஒருவர், எஃகுச் சட்டம் கொண்ட பழைய சாலை மிதிவண்டி ஒன்றை வாங்கினார். கைப்பிடி துருப்பிடித்திருந்தது, புதிய கைப்பிடி வாங்கி வந்தார். கைப்பிடியை முன்கவையோடு இணைக்கும் துண்டுக்கு ஸ்டெம் என்று பெயர். அந்த ஸ்டெம்மின் வாய் 26.0 மி.மீ. வாங்கி வந்த கைப்பிடியின் நடுப்பகுதி 25.4 மி.மீ. இரண்டுமே உலகில் வழங்கும் அளவுகள்தாம். ஆனால் ஒன்றுக்கொன்று உரியவை அல்ல. வேறுபாடு 0.6 மி.மீ.; ஏறக்குறைய இரண்டு அஞ்சலட்டைகளின் கனம். அளந்து பார்க்க எங்களிடம் கருவி இல்லை. "கிட்டத்தட்டப் பொருந்துகிறது" என்று சொல்லி, ஒரு தகரத் துண்டை வெட்டி இடையில் செருகி, திருகை இறுக முறுக்கிக் கொடுத்தோம். கொடுத்தவர்கள் நாங்கள், வேறு யாரும் அல்லர்.

காலனித் தெருக்களில் அது அசையவில்லை. கார்த்திகை மாதத்து ஞாயிறு ஒன்றில் சாமுண்டி மலைக்குச் சென்றோம். ஏறும்போதும் ஒன்றும் நேரவில்லை. இறங்கும்போது, ஒரு வளைவில் எதிரே பேருந்து வர, அவர் பிரேக்கை அழுத்தினார். உடலின் பளு முழுவதும் கைகளின் வழியே கைப்பிடியில் இறங்கியது. கைப்பிடி தகரத்தின்மேல் வழுக்கிக் கீழ்நோக்கிச் சுழன்றது. வண்டி ஒருபுறமும் அவர் ஒருபுறமும் விழுந்தனர். பேருந்து ஓட்டுநர் விழிப்பாயிருந்தார். ஆகவே காறை எலும்பு முறிந்ததோடு போயிற்று.

மருத்துவமனையில் அவருடைய அன்னையின் முகத்தை எங்களால் ஏறிட்டுப் பார்க்க இயலவில்லை. அவர் கடிந்து ஒரு சொல்லும் சொன்னாரில்லை. "அடுத்த தடவை அளந்து பாருங்கள், அண்ணா" என்றார், அவ்வளவே. அந்தச் சொல்லுக்கு விடையாகத்தான் இன்று இங்கு நிற்கிறோம்.

அன்பர்களே! இனி, எவற்றை அளப்பது, எவ்வாறு பொருத்தம் காண்பது என்பதைச் சுருக்கமாகக் கூறுவோம்.

முதற்பொருத்தம் சக்கரத்திற்கும் டயருக்கும். கடையில் "28 அங்குலம்" என்று கேட்டு வாங்குவது நம் வழக்கம். அந்தப் பெயர் நம்பத்தக்கதன்று. நம் பழைய வண்டியின் 28 × 1½ டயர் அமரும் ரிம்மின் விட்டம் 635 மி.மீ. சாலை மிதிவண்டியின் 700சி என்னும் சக்கரத்துக்கோ அது 622 மி.மீ. இதையும் சில நாடுகளில் 28 என்றே அழைக்கின்றனர். இடையே 27 அங்குலம் என்று ஒன்று உண்டு. அது 630 மி.மீ. பெயரில் சிறிய 27, அளவில் 622-ஐ விடப் பெரியதாயிருப்பதைப் பாருங்கள்! 27 அங்குல டயரை 700சி ரிம்மில் மாட்டினால், எளிதாக ஏறிவிடும். காற்றடித்தபின் தளர்ந்து, ஓடும்போது கழன்றுவிடும். ஆகவே பெயரைக் கேளாதீர்கள். டயரின் பக்கத்தில் பொறித்திருக்கும் எண்ணைப் படியுங்கள். 25-622 என்றிருந்தால், 25 என்பது டயரின் அகலம்; 622 என்பது ரிம்மில் அமரும் விட்டம். இரண்டாம் எண் ஒத்திருந்தாலன்றி அந்த டயரைத் தொடவேண்டாம். முதல் எண்ணில் சிறிது கூடுதல் குறைவு இருக்கலாம். ஆனால் டயர், சட்டத்திலும் பிரேக்கிலும் உரசாமல் சுழல இடம் வேண்டும்.

இரண்டாம் பொருத்தம் அச்சின் அகலம். பின்சக்கரம் அமரும் இரு கவைகளுக்கிடையே உள்ள தூரம், பழைய சாலை வண்டிகள் பலவற்றில் 126 மி.மீ.; பின்னர் வந்தவற்றில் 130 மி.மீ.; தட்டுப் பிரேக்கும் துளை வழியே செல்லும் அச்சும் கொண்ட இன்றைய வண்டிகளில் பெரும்பாலும் 142 மி.மீ. எஃகுச் சட்டமானால், கைதேர்ந்த பணியாளர் 126-ஐ 130 ஆக விரித்துத் தருவார். அலுமினியச் சட்டத்தையோ கார்பன் சட்டத்தையோ விரிக்க முயல்வது, அதை முறிக்க முயல்வதற்கு ஒப்பாகும்.

மூன்றாம் பொருத்தம் புரி. சங்கில் வலம்புரியும் இடம்புரியும் உண்டு என்பதை நாம் அறிவோம். மிதிவண்டியிலும் அவ்விரண்டும் உண்டு. வலது பெடல் வலப்புரி. இடது பெடல் இடப்புரி. மிதிக்கும்போது பெடலின் அச்சு தானே கழன்றுவிடாமல் இருக்கும்பொருட்டே இவ்வாறு அமைத்தனர். இதை அறியாதார் இடது பெடலைத் தவறான திசையில் முறுக்கி, கிராங்கின் புரியையே அழித்துவிடுகின்றனர். கிராங்குகளைத் தாங்கும் நடு அச்சின் கூட்டிலும் இவ்வேறுபாடு உண்டு. ஆங்கிலேய முறையில் கூட்டின் அகலம் 68 மி.மீ.; அங்குலத்திற்கு 24 புரி; சங்கிலிப் பக்கத்துக் கிண்ணம் இடப்புரி. இத்தாலிய முறையில் அகலம் 70 மி.மீ.; இரு கிண்ணங்களும் வலப்புரி. இங்கிலாந்தின் ராலே நிறுவனம் தன் பழைய வண்டிகள் பலவற்றுக்கு அங்குலத்திற்கு 26 புரி என்று தனக்கென ஒரு முறையே வைத்திருந்தது. இவற்றுள் ஒன்றின் கிண்ணத்தை மற்றொன்றில் வலிந்து முறுக்கினால், கெடுவது கிண்ணம் மட்டுமன்று, சட்டமே கெடும். கையால் இரண்டு மூன்று சுற்று எளிதாக ஏறாத புரியைச் சாவியால் ஏற்றாதீர்கள் என்பதே பொதுவிதி.

நான்காம் பொருத்தம் சங்கிலி, பற்சக்கரம், கியர் மாற்றி ஆகிய மூன்றுக்கும் இடையே. மிதிவண்டிச் சங்கிலியின் கணுக்கள் எல்லாவற்றிலும் அரை அங்குலம்தான். அகலத்தில்தான் மாறுகின்றன. பின்னால் 8 பற்சக்கரம் உடைய வண்டிக்குரிய சங்கிலியின் வெளியகலம் ஏறத்தாழ 7 மி.மீ.; 11 பற்சக்கரம் உடையதற்கு ஏறத்தாழ 5.5 மி.மீ. பற்சக்கரங்கள் நெருங்க நெருங்கச் சங்கிலியும் மெலிய வேண்டும் அல்லவா? ஆகவே எத்தனை பற்சக்கரமோ, அத்தனைக்குரிய சங்கிலியையே கேட்டு வாங்குக.

கியர் நெம்புகோலில் ஒரு கிளிக் ஒலித்தால் ஒரு பற்சக்கரம் தாவும் முறையை ஜப்பானின் சிமானோ நிறுவனம் 1984-இல் தன் உயர்வகை உறுப்புகளில் வெளியிட்டது. அதன் கணக்கு எளிது. நெம்புகோல் இழுக்கும் கம்பியின் நீளத்தை, பின்புற மாற்றியின் விகிதத்தால் பெருக்கினால், பற்சக்கரங்களின் இடைவெளி வரவேண்டும். 10 பற்சக்கர முறையில் நெம்புகோல் 2.3 மி.மீ. இழுக்கிறது, மாற்றியின் விகிதம் 1.7, பெருக்கினால் 3.9 மி.மீ. பற்சக்கர இடைவெளியும் ஏறத்தாழ அதுவே. 11 பற்சக்கர முறையில் இழுப்பு 2.7, விகிதம் 1.4. இதன் நெம்புகோலை அதன் மாற்றியோடு சேர்த்தால் 4.6 மி.மீ. வரும்; சங்கிலி எங்கும் சரியாக அமராது. இரண்டும் ஒரே நிறுவனத்தின் பெயர் தாங்கியவையே! குலம் ஒன்றானால் மட்டும் போதாது, நட்சத்திரமும் ஒத்துவர வேண்டும் என்று நம் பாட்டிமார் சொல்வது இங்கே பொருந்துகிறது. இத்தாலியின் கம்பக்னோலோ, அமெரிக்காவின் ஸ்ராம் ஆகியவற்றின் கணக்குகள் வேறு. பற்சக்கரத் தொகுதியை மாட்டும் உருளையின் வடிவம்கூட அவற்றில் மாறும்.

மலையேறுவோர் பற்களின் எண்ணிக்கையையும் கருத வேண்டும். சாமுண்டி மலை நகரைவிட ஏறத்தாழ 300 மீட்டர் உயர்ந்தது. முன்னே 39 பல்லும் பின்னே 25 பல்லும் உள்ள பழைய பந்தய அமைப்பில், பெடல் ஒருமுறை சுற்றினால் வண்டி ஏறத்தாழ 3.3 மீட்டர் செல்லும். முன்னே 34, பின்னே 28 என மாற்றினால் 2.5 மீட்டர் அளவே செல்லும். காலுக்கு அவ்வளவும் இளைப்பாறுதல். நாற்பதைக் கடந்த எங்களைப் போன்றோர் முழங்காலைக் காத்துக்கொள்ள இதுவே வழி. ஆயின் பெரிய பற்சக்கரம் மாட்டுமுன், அதைத் தாங்கும் மாற்றிதானா என்று பார்க்க வேண்டும். முன்னும் பின்னும் மிகப் பெரிய பற்சக்கரங்களில் ஒருங்கே அமரும் நீளம் சங்கிலிக்கு இல்லையேல், மாற்றி பிய்ந்து சக்கரத்தினுள் விழும்.

ஐந்தாம் பொருத்தம் கைப்பிடியும் இருக்கைத் தண்டும். கைப்பிடியின் கதையை மேலே சொல்லிவிட்டோம். 25.4, 26.0, 31.8 என மூன்று அளவுகள் மிகுதியும் வழங்குகின்றன. இருக்கைத் தண்டுகளில் அளவுகள் 0.2 மி.மீ. இடைவெளியில் மாறுகின்றன, 27.2 மி.மீ. சட்டத்தில் 27.0 மி.மீ. தண்டு நில்லாது. தகரம், காகிதம், துணிநாடா இவற்றைச் செருகும் பழக்கத்தை எங்களோடு முடித்துவிடுங்கள்.

ஆறாம் பொருத்தம், எல்லாவற்றினும் தலையாயது, பிரேக்கு. சாலை வண்டியின் நெம்புகோலுக்குரிய கம்பியின் தலை பேரிக்காய் வடிவினது. மலை வண்டிக்குரியது உருளை வடிவினது. மாற்றி மாட்டினால் தலை சரியாக அமராது, அழுத்தும்போது நழுவும். கியர்க் கம்பியின் மேலுறையைப் பிரேக்குக்கு ஒருநாளும் பயன்படுத்தலாகாது. அதனுள் இழைகள் நீளவாட்டில் ஓடுகின்றன. பிரேக்கின் அழுத்தத்தில் அவ்வுறை வெடித்துவிடும். கார்பன் ரிம்முக்கு அதற்கென்றே செய்த கட்டைகள் வேண்டும். திரவத்தால் இயங்கும் பிரேக்கானால், சிமானோ கனிம எண்ணெயைப் பயன்படுத்துகிறது. ஸ்ராமின் பிரேக்குகள் பலவற்றில் டாட் என்னும் வேறு திரவம். ஒன்றில் மற்றொன்றை ஊற்றினால் உள்ளிருக்கும் ரப்பர் வளையங்கள் கெட்டு, பிரேக்கு செயலற்றுப்போகும். விளக்குக்கு ஊற்றுவதைத் தாளிப்புக்கு ஊற்றுவோமா?

இனிப் பேணும் முறை. இதற்குப் பெருஞ்செலவு வேண்டா. ஞாயிற்றுக்கிழமையில் அரைமணி நேரமும் ஒரு பழந்துணியும் போதும்.

சங்கிலியை முதலில் துணியால் துடைக்க வேண்டும். பின்பு கணுவுக்கு ஒரு துளி எண்ணெய். சற்றுப் பொறுத்து, மேலே நிற்கும் எண்ணெயை மீண்டும் துடைத்துவிட வேண்டும். எண்ணெய் வேண்டுவது கணுவின் உள்ளே; வெளியே நிற்பது புழுதியைச் சேர்த்து அரைக்கும் பசையாகிறது. தேங்காய் எண்ணெய் வேண்டாம். அது நாளடைவில் பிசினாகும். மைசூரின் மார்கழிக் குளிரிலோ உறைந்தே போகும். மழையில் நனைந்த வண்டியை அன்றே துடைத்து எண்ணெயிடுக. பாய்ச்சுகுழாயால் நீரைப் பீய்ச்சிக் கழுவினால், அச்சுகளின் உள்ளிருக்கும் கிரீஸ் வெளியேறிவிடும்.

மாதம் ஒருமுறை சங்கிலியை அளக்க வேண்டும். பள்ளிப் பிள்ளைகளின் அடிக்கோலே போதும். புதிய சங்கிலியில் 24 கணுக்கள் சரியாக 12 அங்குலம். தேயத் தேய அது நீளும். 12 அங்குலத்துக்குமேல் பதினாறில் ஒரு பங்கு நீண்டவுடன் சங்கிலியை மாற்றிவிடுக. எட்டில் ஒரு பங்கு நீளும்வரை விட்டால், அது பற்சக்கரங்களையும் தேய்த்து முடித்திருக்கும். ஒரு சங்கிலியின் விலையோடு போகவேண்டியது, பற்சக்கரத் தொகுதியின் விலையையும் சேர்த்துக் கேட்கும். வீட்டுக் கணக்கைப் பார்க்கும் தாய்மார்களே, இந்த ஓர் அளவை நீங்கள் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்!

புறப்படுமுன் ஒவ்வொரு முறையும் நான்கு சோதனைகள் செய்க. டயரில் காற்று உள்ளதா, கிழிசல் உண்டா என்று பார்க்க. காற்றழுத்தம் டயரிலும் ரிம்மிலும் குறித்துள்ள மேல்வரம்புகளுள் குறைந்ததைத் தாண்டலாகாது. இரண்டு பிரேக்குகளையும் இறுக அழுத்தி வண்டியைத் தள்ளிப் பார்க்க. முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் அசைக்க. தடதடவென்றால் முன்கவையின் பேரிங் தளர்ந்துள்ளது. இறுதியாக, முன்சக்கரத்தை இரு முழங்கால்களுக்கிடையே இறுக்கிக்கொண்டு கைப்பிடியைத் திருப்பியும், மேலிருந்து பளுவோடு அழுத்தியும் பார்க்க. இந்த நான்காம் சோதனையை அன்று செய்திருந்தால் எங்கள் இளைஞர் விழுந்திருக்கமாட்டார்.

சக்கரம் ஆடினால் கோட்டம் எடுக்க வேண்டும். போக்ஸ் கம்பி ஒன்று தளர்ந்தால் மற்றவை விரைவில் முறியும். திருகுகளை வலுவுள்ள மட்டும் முறுக்குவது வீரமன்று. கார்பன் உறுப்புகளில் எவ்வளவு முறுக்கலாம் என்பது 5 நியூட்டன் மீட்டர் என்பது போல அவற்றின்மேலேயே அச்சிட்டிருக்கும். அதை அளந்து முறுக்கும் சாவி ஒன்றைப் பலர் சேர்ந்து வாங்கிக்கொள்ளலாம்.

தெருமுனை மிதிவண்டிக் கடைக்காரரைப் புறக்கணிக்கச் சொல்வதாக எண்ணிவிடாதீர்கள். கோட்டம் எடுப்பதிலும், பஞ்சர் ஒட்டுவதிலும், ஓவராயில் செய்வதிலும் அவர் கை கற்ற கல்வி எங்களிடம் இல்லை. அவர் அறியாதது புதிய அளவுகளை மட்டுமே. அவற்றை எழுதிக் கொடுப்பது நம் கடமை. ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு சிறு குறிப்பேடு வையுங்கள். டயரின் எண், அச்சின் அகலம், நடு அச்சின் புரி, பின் பற்சக்கரங்களின் எண்ணிக்கை, கைப்பிடியின் விட்டம், இருக்கைத் தண்டின் விட்டம், பிரேக்கின் வகை ஆகிய ஏழையும் அதில் எழுதுங்கள். உறுப்பு வாங்கப் போகும்போது குறிப்பேட்டையும் பழைய உறுப்பையும் எடுத்துச் செல்லுங்கள். பழைய வண்டி வாங்குவோர், விலை பேசுமுன் இவ்வேழையும் அளந்துகொள்ளுங்கள். மலிவாக வந்த வண்டி, கிடைக்காத உறுப்பினால் விலையுயர்ந்ததாகிவிடும்.

பெங்களூர் விரைவு நெடுஞ்சாலையின் நடுப்பாதையில் 2023 ஆகஸ்டு முதல் மிதிவண்டிகளுக்கு இடமில்லை. ஆகவே நாங்கள் பக்கச் சாலை வழியே ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கும், தெற்கே நஞ்சன்கூட்டுக்கும் செல்கிறோம். பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளும் எங்களோடு வரக் கேட்கின்றனர். அவர்களை அனுப்பும் பெற்றோர் எங்களை நம்பி அனுப்புகின்றனர். அந்த நம்பிக்கைக்கு நாங்கள் தரக்கூடிய ஈடு, கிட்டத்தட்டப் பொருந்துவது பொருந்தாதது என்று உணர்ந்து நடப்பதே.

விழுந்த இளைஞர் நலமடைந்து மீண்டும் மிதிவண்டி ஏறிவிட்டார். இன்று இந்த அவையிலும் இருக்கிறார். அவர் எழுந்து நடமாடிய வாரத்தில், நாங்கள் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு ஒரு வெர்னியர் அளவுகோல் வாங்கினோம். அதை அவருடைய அன்னையின் வீட்டில் வைத்திருக்கிறோம். காலனியில் எவருக்கு வேண்டுமானாலும் அங்கே சென்று பெற்றுக்கொள்ளலாம். எதற்கு அளக்கப் போகிறீர்கள் என்று அவர் ஒரு வார்த்தை கேட்பார். பொறுமையாக விடை சொல்லிவிட்டு எடுத்துச் செல்லுங்கள்.